வெளியே நின்று போடும் மதிப்பெண்

இடப்பக்கம் சாய்ந்த பைசா கோபுரம், வலப்பக்கம் நிமிர்ந்த தஞ்சைப் பெரிய கோயில், கீழே 'தமிழனாக இருந்தால் பகிரவும்'. வாட்ஸ்அப் வைத்திருக்கும் யாரும் இந்தப் படத்திலிருந்து தப்பியிருக்க முடியாது. அதற்கு இப்போது ஒரு குடும்பமே பெருகிவிட்டது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே மிலான் பேராலயம், ஏதோவொரு கோயிலுக்கு எதிரே தாஜ்மகால், எது அழகு என்று வாக்கெடுப்பு. தாஜ்மகால் ஒரு கல்லறை என்பது அங்கே யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. பைசாவில் சாய்ந்து நிற்பதும் தேவாலயம் அன்று. பேராலயம் பக்கத்தில் நேராகத்தான் நிற்கிறது. 1173-இல் தொடங்கிய மணிக்கூண்டுதான், பாதி கட்டும்போதே இளகிய மண்ணில் இறங்கிச் சாயத் தொடங்கியது. மண் செய்ததற்கு மதம் என்ன செய்யும்?

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் படித்தவர்களே இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். ஒப்பிடாமல் ரசனை எப்படி வளரும், எல்லா மதத்து ஆலயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லிணக்கம்தானே என்கிறார்கள்.

ஒப்பிடாமல் ரசனை வளராது, சரி. துருக்கியின் கட்டடக் கலைஞர் சினான், 537-இல் தேவாலயமாகக் கட்டி முடித்த ஹாகியா சோபியாவின் குவிமாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டே பள்ளிவாசல்களைக் கட்டினார். எடிர்னேயின் செலிமியே பள்ளிவாசல் அந்த வீம்பில் பிறந்ததுதான். அதில் மதப் பெருமையும் கலந்திருந்தது. ஆனாலும் அவர் கையில் ஒரு கணக்கு இருந்தது: அத்தனை பெரிய குவிமாடத்தின் பாரத்தை எதன்மேல், எப்படி இறக்குவது? முன்னவர் கண்ட விடையைப் பார்த்துவிட்டுத் தம் விடையை எழுதினார். கட்டுகிறவர்கள் இப்படி ஒப்பிட்டதால் கலைக்கு லாபம்தான். நான் பேசுவது பார்க்கிறவர்கள் செய்யும் ஒப்பீட்டைப் பற்றி.

அதன்மேல் எனக்குப் புகார் ஒன்றுதான், பழைய புகார். கட்டடத்துக்கு வெளியே, நல்ல வெயிலில், முழு உருவமும் ஒரு சட்டத்துக்குள் அடங்குகிற தூரத்தில் நின்றுகொண்டுதான் இந்த ஒப்பீடுகள் எல்லாம் நடக்கின்றன. அங்கிருந்து தெரிவதுதான் ஆலயத்தின் அழகு என்று யார் முடிவு செய்தது?

ஜேம்ஸ் பெர்குசனுக்கு இதில் பங்குண்டு. இந்தியாவில் அவுரித் தொழிலில் பணம் சேர்த்து, ஊர் ஊராகப் போய்க் கட்டடங்களை வரைந்து, 1876-இல் இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலை வரலாற்றை வெளியிட்டவர். நம் கோயில்களுக்கு அந்தப் படிப்பில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தவர். அந்த நன்றி உண்டு. அவர் திருவாரூர்க் கோயிலைப் பார்த்து முகம் சுளித்தார். வெளிக்கோபுரம் பெரிது, உள்ளே அடுத்தது சிறிது, கருவறை அதைவிடச் சிறிது. உள்ளே போகப் போகக் கோயில் இளைத்துக்கொண்டே போகிறது, இது எதைக் கொண்டும் சரிக்கட்ட முடியாத வடிவப் பிழை என்பது அவர் தீர்ப்பின் சாரம். அவர் கையிலிருந்த அளவுகோல் எதுவென்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்: வாசலிலிருந்து பலிபீடத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகும் ஐரோப்பியப் பேராலயம். அந்த அளவுகோலுக்கு ஒத்துவந்து அவரிடம் பாராட்டு வாங்கிய தென்னாட்டுக் கோயில் எது தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயில். அங்கேதான் விமானம் கருவறைக்கு மேலேயே ஓங்கி நிற்கிறது, வாசல் கோபுரங்கள் அடக்கமாக இருக்கின்றன. ஆக, பைசாவுக்குப் பதிலடியாக நாம் தூக்கிப் பிடிப்பது பேராலயத்துக்கென்று வைத்த பரீட்சையில் தேறிய பிள்ளையை. அந்தப் பிள்ளையை மட்டும் மேடையேற்றிவிட்டு, வெள்ளைக்காரனை ஜெயித்துவிட்டதாகக் கைதட்டிக்கொள்கிறோம்.

திருவாரூரின் நியாயம் வேறு. ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசல் வழியாக நடந்து பார்த்தவருக்கு அது விளங்கும். முதலில் பேருந்து இரைச்சல், பூக்கடை, வளையல் கடை, குடியிருப்பு வீடுகள். ஒவ்வொரு வாசல் தாண்டும்போதும் ஊர் கொஞ்சம் பின்வாங்கும். வானம் போய்க் கூரை வரும், கூரை தாழும். வெயிலில் சுட்டுப்போன பாதம் எண்ணெய்ப் பிசுக்கேறிய குளிர்ந்த கல்லை மிதிக்கும். கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் 'நகருங்க, நகருங்க' என்று வரிசை தள்ளும். அந்தக் கொஞ்ச நேரத்தில் விளக்கு வெளிச்சத்தில் திருமுகத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பெர்குசன் இளைப்பு என்று கண்டது, நடந்து வருகிறவரிடமிருந்து ஊரையும் வெளிச்சத்தையும் படிப்படியாக வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. கோபுரம் இதில் கதவு. வாசற்கதவை வைத்து வீட்டை எடைபோட முடியாது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் முழுமை பெற்றதே 1987-இல்தான். அதற்குமுன் நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அதனால் கோயிலுக்கு அழகு போதவில்லை என்று யாரும் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை.

தஞ்சைக்கும் இதே அநியாயம்தான் நடக்கிறது. படத்தில் கம்பீரமாக நிற்கும் அந்த விமானத்துக்குள், கருவறையைச் சுற்றி இருண்ட பாதை ஒன்று இருக்கிறது. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டது அங்கேதான். அதற்கு மேல்தளத்தில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81-ஓடு நிறுத்தியிருக்கிறார்கள். மிச்ச இடங்களில் கல் வெறுமனே காத்திருக்கிறது. இதெல்லாம் எந்தப் பார்வர்டிலும் வராது, உயரம்தான் வரும்.

இது கோயில்களோடு நிற்பதில்லை. ஸ்பெயினில் கொர்தோபாவின் பெரிய பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 800-க்கும் மேற்பட்ட தூண்கள், அவற்றின்மேல் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் இரட்டை வளைவுகள். தொழுகைத் திசை காட்டும் மாடமான மிஹ்ராபுப் பக்கம் மொசைக் மினுங்கும். மற்றபடி எங்கே நின்றாலும் அதே வரிசை. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தொழுகைக்கு அதுதான் பொருத்தம். 16-ஆம் நூற்றாண்டில் அந்தத் தூண்காட்டின் நடுவே இடம் வெட்டி, உயரமும் வெளிச்சமும் பலிபீடமுமாக ஒரு பேராலயத்தை எழுப்பினார்கள். பெர்குசன் திருவாரூரில் காணாமல் தவித்த உச்சி கொர்தோபாவுக்குக் கிடைத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த உச்சிதான் முதலில் கண்ணில் படும்.

மத வாரியாக அணி பிரிக்கிறவர்கள் கீழக்கரைப் பழைய பள்ளிவாசலை எந்த அணியில் சேர்ப்பார்களோ தெரியவில்லை. கல் மண்டபம், போதிகை தாங்கும் தூண்கள், உருவங்களுக்குப் பதில் கொடியும் பூவும். பக்கத்து ஊர்க் கோயில் மண்டபத்தில் உளி பிடித்த அதே கைப்பழக்கம். தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினால், பள்ளிவாசல் மாதிரியே இல்லையே என்பார்கள்.

இது ரசனைக் கோளாறோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. தூரத்தில் நிற்கிறவர் கேட்பதைக் கட்டுகிறவர் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பள்ளிவாசல் மாதிரி இல்லை என்பதாலேயே எத்தனையோ ஊர்களில் பழைய கல்லுப்பள்ளிகள் போய், கான்கிரீட் குவிமாடமும் மினாராக்களும் வந்துவிட்டன. இடித்தது பகைவர்கள் இல்லை, ஜமாஅத்தார்தான். வேளாங்கண்ணியில் 1975 வாக்கில் ஆலயத்தை விரிவாக்கியபோது பிரான்சின் லூர்து ஆலயத்தின் சாயல் வந்து உட்கார்ந்தது. கர்நாடகக் கடற்கரையில் முருடேஸ்வரா கோயிலுக்கு 2008-இல் 20 நிலைக் கோபுரம் எழுந்தது. உயரத்தில் ஸ்ரீரங்கத்துக்கு நிகர், உள்ளே லிப்ட். கீழே குனிந்து கடந்து போவதற்கு இருந்த கோபுரத்தில் இப்போது டிக்கெட் வாங்கி மேலேறிக் கடலையும் சிவன் சிலையையும் பார்க்கலாம்.

கூட்டம் பெருகிவிட்டது, பழைய இடம் போதவில்லை என்று மூன்று தரப்பிலும் சமாதானம் சொல்வார்கள். போதவில்லை என்பது நிஜம்தான். கூட்டத்துக்காக என்றால் அகலத்தில் அல்லவா கட்ட வேண்டும்? நெடுஞ்சாலையிலிருந்தே தெரிய வேண்டும் என்று எந்தக் கூட்டம் கேட்டது?