உள்நாட்டுப் போரும் இனப்படுகொலையும்: ஜெனீவா அறிக்கை ஒன்றின் மறுவாசிப்பு

இம்மலரில் நான் வழக்கமாக எழுதுவது நீலகேசி, யசோதர காவியம், திருநறுங்கொண்டைக் கல்வெட்டு என்று சமணத் தமிழைப் பற்றித்தான். "கொல்கத்தாவில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு வங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதலையே" என்று மலர்க்குழு அன்பர்கள் இந்த முறை கேட்டுவிட்டார்கள். கேட்டது நியாயம். தாகூரைப் பற்றியும் விவேகானந்தரைப் பற்றியும் எழுதத் தகுதியானவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே யாரும் தொடாத ஒரு நூலை எடுத்துக்கொண்டேன். ஜெனீவாவில் இயங்கும் சர்வதேசச் சட்டவியலாளர் ஆணையம் 1972இல் வெளியிட்ட, 1971ஆம் ஆண்டுக் கிழக்குப் பாகிஸ்தான் நிகழ்வுகள் பற்றிய ஆய்வறிக்கை அது. நான் சட்டம் படித்தவனல்ல. லுங்கி, கைத்தறி மொத்த வியாபாரி. ஆனால் ஓர் ஆவணத்தை வரிவரியாக வாசிக்கும் பழக்கம் வியாபாரிக்கும் உண்டு அல்லவா?

கேள்வி இதுதான். ஒரு நாட்டுக்குள் உள்நாட்டுப் போர் நடக்கிறது. அரசின் படை பொதுமக்களை ஆயிரக்கணக்கில் கொல்கிறது. அதைப் போரில் நேர்ந்த கொடுமை என்பதா, இனப்படுகொலை என்பதா? இங்கே வங்காளி நண்பர்களிடம் பேசினால், பாதிப் பேர் "முப்பது லட்சம் பேர் செத்தார்கள், இதில் என்ன சந்தேகம்" என்பார்கள். வேறு சிலர் "அது சண்டை சார், இரண்டு பக்கமும் கொன்னாங்க" என்பார்கள். இரு சாராரும் ஒன்பது மாதத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடை போடுகிறார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்ததுதான் 1972 அறிக்கையின் சிறப்பு.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970 டிசம்பர் தேர்தலில் கிழக்கின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் பிடித்தது. ஆட்சி கைமாறவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியது. டிசம்பர் 16இல் அந்த ராணுவம் சரணடைவதற்குள் ஏறக்குறைய 1 கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்கு வந்தார்கள். இதே கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் அவர்கள் முகாம் இருந்தது.

சட்டத்துக்கு வருவோம். 1944இல் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் 'ஜெனோசைட்' என்ற சொல்லை உருவாக்கினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. அதை உடன்படிக்கையாக்கியது. தேசம், இனக்குழு, நிறவினம், சமயம் என்ற நான்கு வகைக் கூட்டங்களில் ஒன்றை, முழுமையாகவோ பகுதியாகவோ, அந்தக் கூட்டம் என்பதற்காகவே அழிக்கும் எண்ணத்தோடு செய்யும் செயல்கள்தான் இக்குற்றம். எண்ணிக்கை எதுவும் அதில் சொல்லப்படவில்லை. போர் நடக்கும்போது செய்தால் விலக்கு என்றும் இல்லை. சமாதான காலமானாலும் போர்க்காலமானாலும் குற்றமே என்று முதல் விதியிலேயே இருக்கிறது.

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 'இனப்படுகொலை' என்றதும் நம் மனம் மொழியினத்துக்கே போகிறது. வள்ளுவர் 'சிற்றினஞ்சேராமை' என்று அதிகாரம் வைத்தபோது இனம் என்பது கூட்டம், சேர்க்கை என்ற பொருளில்தான் நின்றது. சமயத்தால் சேர்ந்த கூட்டமும் இனம்தான். இதை மறந்தால் 1971 என்பது பஞ்சாபிக்கும் வங்காளிக்கும் நடந்த விவகாரமாக மட்டும் தெரியும். நடந்ததில் பாதி கண்ணுக்குத் தெரியாது.

அறிக்கை என்ன செய்கிறது? ராணுவத்தின் நோக்கம் வங்காள மக்களை வங்காளிகள் என்பதற்காக ஒழிப்பதா என்று முதலில் கேட்கிறது. அவாமி லீக் ஆதரவாளர்கள், மாணவர்கள், ஆயுதம் தாங்கிய வங்காளிகள் என்று அரசியல் எதிரிகளை நசுக்கித் தன்னாட்சிக் கோரிக்கையை அடக்குவதுதான் பெருநோக்கம். அது கொடிய குற்றமே ஆனாலும் ஒரு மக்களையே அழிக்கும் நோக்கம் என்று நிறுவுவது கடினம் என்கிறது. வங்காளிகளில் ஒரு பகுதியினர் மீது நடந்த சில தனிச்செயல்கள் அப்படி ஆகலாம் என்று இடமும் விடுகிறது. அடுத்து இந்துக்களைத் தனியே எடுக்கிறது. இங்கே தயக்கமே இல்லை. கிழக்கு வங்க இந்துக்கள் மீது இனப்படுகொலை நடந்தது என்று முதல்நோக்கிலேயே வலுவான வழக்கு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

நம் ஆகமம் இல்லறத்தானின் இம்சையை நான்காகப் பிரிக்கும். அடுப்பு மூட்டுவது முதலான வீட்டு வேலையில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்யோக இம்சை. தாக்க வருபவனைத் தடுக்கும்போது நேர்வது விரோதி இம்சை. கொல்வதே கருத்தாகச் செய்வது சங்கல்ப இம்சை. முதல் மூன்றையும் இல்லறத்தான் முற்றாகத் தவிர்க்க முடியாது. நான்காவதை அறவே விட வேண்டும். உலகத்தில் எந்த அரசும் உள்நாட்டுப் போரில் தான் செய்தது விரோதி இம்சை என்றுதான் சொல்லும். கலகக்காரனைச் சுட்டோம், இடையில் சிலர் மாட்டிக்கொண்டார்கள் என்பார்கள். அது உண்மையா, அதற்குள் சங்கல்பம் ஒளிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிணத்தை எண்ணி அல்ல; யாரைப் பொறுக்கி எடுத்தார்கள் என்று பார்த்துத்தான்.

இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். டாக்கா பல்கலைக்கழகத்தில் முதல் இரவே தாக்கப்பட்டவற்றில் ஜெகந்நாத் ஹால் ஒன்று. அது இந்து மாணவர் விடுதி. பழைய டாக்காவின் சங்காரி பஜார் சங்கு வளையல் அறுக்கும் தெரு. (அந்தச் சங்குகள் காலங்காலமாக நம் தூத்துக்குடிக் கடலில் குளித்து எடுக்கப்பட்டு வங்கத்துக்குப் போனவை. உயிர்க்கொலை என்பதால் எங்கள் சமூகத்தார் அந்த வியாபாரத்தில் இறங்குவதில்லை.) அந்தத் தெருவில் புகுந்து சுட்டார்கள். ரம்னா காளி கோயிலை மார்ச் 27இல் இடித்துத் தள்ளினார்கள். ஃபரீத்பூரில் எஞ்சி நின்ற இந்துக் கடைகளில் மஞ்சள் வண்ணத்தில் 'எச்' என்ற ஆங்கில எழுத்தைப் பெரிதாக எழுதியிருந்ததை நியூயார்க் டைம்ஸ் நிருபர் சிட்னி ஷான்பெர்க் பார்த்து எழுதினார். வழியில் பிடிபட்ட ஆணின் லுங்கியை அவிழ்க்கச் சொல்லி, சுன்னத்து செய்திருக்கிறதா என்று பார்த்து உயிரைத் தீர்மானித்ததைப் பாகிஸ்தானியப் பத்திரிகையாளர் அந்தோனி மஸ்கரேனஸ் 1971 ஜூன் 13 அன்று லண்டன் சண்டே டைம்ஸில் எழுதினார். லுங்கி விற்றே பிழைக்கும் எனக்கு அந்தப் பகுதியைத் தாண்டிப் போக இரண்டு நாள் ஆயிற்று. கையில் ஆயுதம் இருக்கிறதா என்று சோதித்தால் அது போர். உடம்பில் மதக்குறி இருக்கிறதா என்று சோதிப்பதைப் போர்ச் சோதனை என்று யாரால் சொல்ல முடியும்?

1972இல் இந்தச் சட்டவியலாளர்களுக்குக் கிடைக்காத ஒரு சாட்சியம் பிறகு வெளிவந்தது. தோல்விக்குக் காரணம் ஆராயப் பாகிஸ்தான் அமைத்த ஹமூதுர் ரஹ்மான் ஆணையத்தின் அறிக்கை பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2000இல்தான் வெளியே வந்தது. தளபதி நியாஸி தங்கள் பிரிவைப் பார்வையிட வந்தபோது எத்தனை இந்துக்களைக் கொன்றீர்கள் என்று கேட்டார் என்றும், மே மாதத்தில் இந்துக்களைக் கொல்லும்படி எழுத்து மூலமே உத்தரவு வந்தது என்றும் ஒரு லெப்டினன்ட் கர்னல் அங்கே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். சொன்னவர் அதே படையின் அதிகாரி. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று நாம் மூன்றாகச் சொல்வதில் முதல் இரண்டும் அந்த ஒரு வாக்குமூலத்திலேயே அடங்கிவிட்டன.

இனி, எதிர்த்தரப்பு நூல் ஒன்று. சர்மிளா போஸ் 2011இல் 'டெட் ரெக்கனிங்' என்ற நூலை வெளியிட்டார். நம் ஊர் சரத் சந்திர போஸின் பேத்தி. டாக்காவில் நூலைத் திட்டித் தீர்த்தார்கள். படிக்காமலே திட்டியவர்கள் அதிகம். நான் படித்தேன். ஊர் ஊராகப் போய் இரு தரப்பையும் கேட்டிருக்கிறார். அந்த உழைப்புக்கு வணக்கம். இந்துக்கள் வேட்டையாடப்பட்டதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். முப்பது லட்சம் என்ற எண்ணுக்கு எழுத்து ஆதாரம் இல்லை என்பதையும் காட்டுகிறார். அதுவரை சரி. மொத்தச் சாவு, எல்லாத் தரப்பையும் சேர்த்து, குறைந்தது 50,000 முதல் 1 லட்சம் வரை என்று மட்டுமே உறுதியாகச் சொல்லலாம் என்கிறார். 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த, குடும்பக் கணக்கெடுப்புகளை வைத்துச் செய்த ஆய்வு 2,69,000 என்று மதிப்பிட்டது. பாகிஸ்தான் ராணுவம் கொடுத்த கணக்கோ வெறும் 26,000. இந்த நான்கில் எதை எடுத்துக்கொண்டாலும் நம் கேள்விக்கு விடை மாறப்போவதில்லை. எண்ணிக்கை சரக்கின் அளவைச் சொல்லும். சரக்கு என்ன என்று சொல்லாது.

அவருடைய இன்னொரு வாதம் கனமானது. ராணுவம் பெரும்பாலும் வயதுவந்த ஆண்களையே கொன்றது, பெண்களையும் குழந்தைகளையும் பொதுவாக விட்டுவிட்டது, ஆகவே இது கலகக்காரர் என்ற சந்தேகத்தில் நடந்த அரசியல் கொலை என்ற போக்கில் வாதிடுகிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் கொன்றதும் ஆண்களைத்தான். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களையும் பையன்களையும் பிரித்தெடுத்துச் சுட்டார்கள். பெண்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அது இனப்படுகொலையே என்று தளபதி கிறிஸ்டிச் வழக்கில் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 2001இல் சொன்னது. அவர் பங்கை உடந்தை என்று குறைத்தாலும் குற்றத்தின் பெயரை 2004இல் மேல்முறையீட்டு அமர்வு மாற்றவில்லை. ஆண்கள் அற்றுப்போனால் அந்த ஊர்ச் சமூகம் மறுபடி தழைக்காது என்பது அவர்கள் காட்டிய காரணம். 2007இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் போஸ்னியப் போர் முழுவதையும் இனப்படுகொலை என்று சொல்லவில்லை. ஸ்ரெப்ரெனிட்சாவை மட்டும் தனியே எடுத்துச் சொன்னது. ஜெனீவாக்காரர்கள் முப்பத்தைந்து வருஷம் முன்னாலேயே பிடித்த வழி இது. போருக்குள் ஒரு பகுதி இனப்படுகொலையாக இருக்கலாம்.

அதற்காக டாக்காவின் தரப்பு முழுக்கச் சரி என்று ஆகிவிடாது. 2017இல் வங்கதேச நாடாளுமன்றம் மார்ச் 25ஐ இனப்படுகொலை நாளாக அறிவித்தது. செத்தவர்கள் எல்லாரும் 'வங்காளிகள்' என்ற ஒரே தலைப்பில் வரவு வைக்கப்பட்டார்கள். இந்து என்பதற்காகக் கொல்லப்பட்டவன் செத்த பிறகு இந்து என்ற பெயரை இழந்துவிட்டான். நம் அரசும் அன்று வேறு காரணத்துக்காக இதையே செய்தது. வந்த அகதிகளில் பெரும்பான்மையோர் இந்துக்கள் என்பதை டில்லி உரக்கச் சொல்லவில்லை. இங்கே வகுப்புக் கலவரம் மூண்டுவிடும் என்ற பயம். அந்தப் பயம் வீண்பயமும் அல்ல.

வங்கதேசத்தின் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐ.நா. உடன்படிக்கையில் 'அஸ் சச்' என்ற இரண்டு சின்னச் சொற்கள் உண்டு. அந்தக் கூட்டம் என்பதற்காகவே என்று பொருள். குற்றத்தின் உயிர்நாடி அது. டாக்காச் சட்டத்தில் அது 'சச் அஸ்' என்று திரும்பி நிற்கிறது. 'போன்ற' என்று பொருள் மாறிவிட்டது. எழுத்துப் பிழையோ, தெரிந்தே செய்ததோ! அதே சட்டம் அரசியல் கூட்டத்தையும் பாதுகாக்கப்படும் கூட்டங்களில் சேர்த்துக்கொண்டது. 1946இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்திலும் அரசியல் கூட்டம் இருந்தது. 1948இல் பேரம் பேசி விலக்கிவிட்டார்கள். அந்த விலக்கு இல்லாதிருந்தால் அவாமி லீக்காரர்களைக் கொன்றதற்கும் ஜெனீவா அறிக்கை வேறு விடை சொல்லியிருக்கும்.

அந்த அறிக்கையோடு நான் மாறுபடுகிற இடம் பிகாரிகள் பற்றியது. உருது பேசும் அந்த முஸ்லிம்களை 1971 மார்ச், ஏப்ரலில் வங்காளிக் கூட்டங்கள் பல ஊர்களில் வெட்டிச் சாய்த்தன. குல்னா சணல் ஆலைக் குடியிருப்புகளிலும் சாந்தஹாரிலும் நடந்ததைச் சர்மிளா போஸ் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் நூலின் மிக உயர்ந்த பக்கங்கள் அவை. ஜெனீவா அறிக்கை இதை மறைக்கவில்லை. ஆனால் தன்னெழுச்சியாக வெறிகொண்ட கும்பலுக்கு, தெளிந்த அழிப்பு நோக்கம் இருந்ததாகக் கொள்வது கடினம் என்று நகர்ந்துவிடுகிறது. உமாசுவாமி இம்சைக்குச் சொல்லும் இலக்கணத்திலோ பிரமாதம் என்ற ஆவேசநிலைதான் வேர். வெறி அங்கே குற்றத்தைக் குறைப்பதில்லை. சமண நெறியை ஐ.நா. சட்டமாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தின் வழியிலேயே கேட்கிறேன்: ராணுவத்துக்கு வைத்த அதே உரைகல்லை இங்கே ஏன் வைக்கவில்லை? கும்பலும் பேச்சைக் கேட்டு, உருது நாக்கா என்று பார்த்துத்தானே பொறுக்கியது? எல்லா ஊரிலும் அது திட்டமில்லாத வெறிதானா என்று ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். இந்துக்கள் விஷயத்தில் மூட்டையைப் பிரித்தவர்கள் இங்கே கட்டியபடியே விட்டுவிட்டார்கள். அந்த பிகாரிகளின் சந்ததியார் பலர் டாக்கா மொஹம்மத்பூரில் ஜெனீவா முகாம் என்ற பெயருள்ள இடத்திலேயே வளர்ந்தார்கள். அவர்கள் வங்கதேசக் குடிமக்கள்தான் என்று உயர்நீதிமன்றம் சொல்ல 2008 ஆயிற்று.

வழக்கு என்ன ஆயிற்று? இந்தியாவிடம் சிறைப்பட்ட சுமார் 93,000 பேரில் 195 பேரை விசாரணைக்கென்று டாக்கா பொறுக்கியது. 1973 மே மாதம் பாகிஸ்தான் ஹேக் நீதிமன்றத்துக்கு ஓடியது. எந்த உடன்படிக்கையைக் காட்டி? இதே இனப்படுகொலை உடன்படிக்கையை! அதன்படி இவர்களை விசாரிக்கும் உரிமை தனக்கே என்றது. டிசம்பரில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1974 ஏப்ரலில் டில்லியில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டு, அந்த 195 பேரும் ஊர் திரும்பினார்கள். விசாரிக்கும் உரிமை தனக்கே என்று கேட்ட நாடு ஒருவரைக்கூட விசாரிக்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டு கழித்து, 2013 ஜனவரியில், டாக்கா தீர்ப்பாயத்தின் முதல் தீர்ப்பில்தான் இந்துக்களைக் கொன்றதற்காக ஒருவர் இனப்படுகொலைக் குற்றவாளி ஆனார். அவரும் ராணுவத்தார் அல்ல, உள்ளூர் உடந்தைக்காரர்; தீர்ப்பு வாசிக்கும்போது கூண்டில் ஆள் இல்லை, தலைமறைவு.