பொழுதும் சுவையும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லுக்கு இரு வகையாகப் பொருள் கொள்ளலாம். கையிலுள்ள நேரத்தை எப்படியாவது கழித்துவிடுவது ஒன்று. பசியைப் போக்குதல், களைப்பைப் போக்குதல் என்கிறோமே, அவ்வாறு பொழுதின் பாரத்தை நீக்கி மனத்தை இலேசாக்குவது மற்றொன்று. இணையம் வீட்டுக்குள் வந்தபின் முதற்பொருளே நம்மிடையே ஓங்கிவிட்டது. விரல் நகர்த்த நகர்த்த ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் வருகின்றன. அவற்றை நாம் தேர்வதில்லை. அவை நமக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகின்றன.

அந்த ஓட்டம் திடீரென நின்றபோது என்ன நேர்ந்தது என்பதைத் தென்காசிப் பகுதி அறியும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியானதை அடுத்து, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையச் சேவையை அரசு நிறுத்தியது. தென்காசியும் குற்றாலமும் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். 2023 டிசம்பர்ப் பெருமழையின்போதும் தென்மாவட்டங்களில் பல ஊர்கள் மின்சாரமும் தொலைத்தொடர்பும் இன்றித் தவித்தன. இவை துயரத்தின் நாள்கள். உறவினரின் நலம் அறியத் துடித்தவர்க்கு இணையம் இல்லாமை வேதனையாகவே இருந்தது. ஆகையால் இணையமற்ற வாழ்வை ஒரு பொற்காலம் போலப் புகழ்வது நம் நோக்கமன்று. ஆயினும் அந்நாள்கள் ஒரு வினாவை விட்டுச் சென்றன. கருவி ஓய்ந்த வீட்டில் எந்த நூலை எடுப்பது, எந்த ஆட்டத்தை ஆடுவது? தவக்காலத்தில் கைப்பேசியைத் தாமே ஒதுக்கி வைப்போரும், விடுமுறையில் பிள்ளைகளைத் திரையிலிருந்து மீட்க விழையும் பெற்றோரும் இதே வினாவைத்தான் கேட்கின்றனர்.

'இந்நூல் நன்று, இவ்விளையாட்டு நன்று' எனப் பட்டியல் தருவார் பலர் உளர். பட்டியலுக்கு முன்னர் அளவுகோல் வேண்டும். அதைத் தருவதே திறனாய்வின் கடமை.

அளவுகோல்

விளையாட்டைத் திருச்சபை வெறுத்தது என்பாருண்டு. அக்குயின் நகர்ப் புனித தோமா தம் இறையியல் தொகுப்பில், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டா என்று வினவி, உண்டு என்றே விடை தருகிறார். திருத்தூதர் யோவான் தம் சீடரோடு மகிழ்ந்திருந்ததைக் கண்டு இடறல்பட்ட ஒருவரின் கதையை அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். இடறல்பட்டவர் கையில் வில் இருந்தது. அதை ஓயாது வளைத்துக்கொண்டே இருக்க முடியுமா என்று யோவான் கேட்டார். ஒடிந்துவிடும் என்றார் அவர். மனமும் அத்தகையதே என்றார் யோவான். அதன்பின் தோமா மூன்று எச்சரிக்கைகளை வைக்கிறார். இழிவானதிலும் தீங்கானதிலும் இன்பம் தேடலாகாது. மனத்தின் சமநிலையை முற்றும் இழக்கலாகாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தியதாக இருத்தல் வேண்டும்.

இவற்றோடு நான்காவதாக ஒன்றைப் புனித இஞ்ஞாசியாரின் வாழ்விலிருந்து பெறலாம். 1521-இல் போரில் கால் உடைந்து லொயோலா மாளிகையில் கிடந்தபோது, அவர் தமக்குப் பழக்கமான வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அம்மாளிகையில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறுமே கிடைத்தன. சாகசக் கனவுகளில் திளைத்தபோது அவருக்கு இன்பம் இருந்தது. கனவு கலைந்ததும் நெஞ்சு வறண்டது. புனிதரை எண்ணியபோது உண்டான மகிழ்வோ பின்னும் நிலைத்தது. இவ்வேறுபாட்டை அவர் கண்டுகொண்டதிலிருந்தே ஆவிகளைத் தேர்ந்து தெளியும் நெறி அவருள் முளைத்தது. சுவைக்கும்போது இனிக்கிறதா என்பதோடு நில்லாமல், சுவைத்து முடித்தபின் எஞ்சுவது யாது என்று கேட்பதே அந்நெறி. நூலுக்கும் ஆட்டத்துக்கும் இதைவிடச் சிறந்த உரைகல்லை நாம் அறியோம்.

வட்டத்தொட்டி

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்க நம் வட்டாரத்திலேயே பெருஞ்செல்வம் உண்டு. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் இல்லத்தின் தொட்டிக்கட்டில் நண்பரைக் கூட்டிக் கவிதை பேசினார். வட்டமாக அமர்ந்த அக்கூட்டம் வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது, அருவியையும் சாரலையும் நாடி வந்தோர் அவரையும் நாடி வந்தனர். இராஜாஜி, கல்கி, தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகராஜன் முதலியோர் அவருடைய நட்பு வட்டத்தினர்.

அங்கே நிகழ்ந்தது என்ன? ஒரு கம்பன் பாடலை எடுப்பார், வாய்விட்டுச் சொல்வார், மீண்டும் சொல்வார். ஓசையின் ஏற்ற இறக்கத்தில் பாத்திரத்தின் உணர்ச்சி புலப்படும்வரை விடமாட்டார். ஒரே பாடலில் நெடுநேரம் தங்குவதே அவரது முறை. நூறு காட்சிகளை நூறு நொடியில் கடக்கும் இன்றைய பழக்கத்துக்கு இது நேர் எதிரானது. குருமடங்களில் திருநூல் வாசிப்பையும் தியானத்தையும் பயின்றவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. சிறு பகுதியை மெல்ல மென்று சுவைத்தலே அங்கும் பயிற்சி. ஒருவர் சுவைத்ததை மற்றவர்க்குப் பகிர்ந்ததால், வட்டத்தொட்டியில் இன்பம் பெருகியதேயன்றிக் குறையவில்லை. மகிழ்வு பின்னும் நிலைத்தது என்பதற்கு, அவருடைய நண்பர்கள் வாழ்நாளெல்லாம் அதைப் பேசியும் எழுதியும் வந்ததே சான்று.

ஆயினும் குறையும் கூறத்தான் வேண்டும். தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என டி.கே.சி. ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களையே திருத்தினார். ஏட்டுச் சான்றைப் பொருட்படுத்தாமல் இன்பத்தையே நீதிபதியாக்கிய இப்போக்கைப் புலவர்கள் கண்டித்தனர். அக்கண்டனம் நேரியது என்றே நாம் கருதுகிறோம். நமக்குப் பிடிக்காததை நீக்கிவிட்டுப் படித்தால், நூல் நம்மைத் திருத்த வழியே இல்லாமற் போகும். விரும்பியதை மட்டுமே காட்டும் கைப்பேசித் திரையும் செய்வது இதைத்தானே! மற்றும் ஒன்று: வட்டத்தொட்டி பெரும்பாலும் கற்றோரும் வசதி படைத்தோருமான ஆடவரின் வட்டம். நாம் அதைப் பின்பற்றும்போது, அடுக்களையில் இருப்பவரும் வட்டத்துக்குள் வந்தமர வேண்டும்.

குறவஞ்சி

எந்த நூலிலிருந்து தொடங்கலாம்? குற்றாலத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு வாழ்வோர் திருக்குற்றாலக் குறவஞ்சியை ஒதுக்க முடியாது. தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடியது இது. பந்தாடும் வசந்தவல்லி, குற்றாலநாதரின் உலாவைக் கண்டு காதல் கொள்கிறாள். மலைக்குறத்தி சிங்கி வந்து தன் மலைவளம் பாடிக் குறி சொல்கிறாள். பறவை பிடிக்கும் சிங்கன், நூவனைத் துணைகொண்டு சிங்கியைத் தேடி அலைகிறான். கண்டதும், அவள் பரிசாகப் பெற்ற அணிகலன்களைப் பார்த்து வியந்து வினாமேல் வினாத் தொடுக்கிறான்.

கிறிஸ்தவக் குடும்பத்தில் இதைப் படிக்கலாமா என்று தயங்குவோர்க்கு ஒன்று நினைவூட்டுவோம். இந்நிலத்தில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் இவ்விலக்கிய வகையையே கையாண்டு பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். கலை வடிவத்தைப் பொதுச் சொத்தாக மதித்த துணிவு அது. குற்றாலக் குறவஞ்சியின் சில சிருங்காரப் பகுதிகள் சிறுவர் முன் படிப்பதற்குரியன அல்ல. தோமா சொன்ன மூன்றாம் எச்சரிக்கை இங்கே பயன்படும். ஆளறிந்து பகுதி தெரிவு செய்க. மலைவளம் பாடும் பகுதியையும் சிங்கன் சிங்கி உரையாடலையும் எவர் முன்னும் வாய்விட்டுப் படிக்கலாம்.

நூலின்மேல் கேட்கத்தக்க கடுமையான கேள்வி வேறு. மலைக்குறவரை மேட்டுக்குடியினரின் வேடிக்கைக்குப் பொருளாக்கியதா இக்கவிதை? சிங்கனின் தடுமாற்றத்தில் அச்சாயல் இருக்கவே செய்கிறது. ஆனால் சிங்கி பாடும்போது நிலைமை மாறுகிறது. தன் மலையின் வளத்தை அவள் அரசியைப் போலப் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறாள். கவிஞர் தம் சொல்வளம் அனைத்தையும் அவள் நாவிலேயே வைத்துவிட்டார். அவளைப் பார்த்துச் சிரிக்க வந்தவன் அவளைச் செவிமடுக்க நேர்கிறது. சிரிப்போடு நில்லாமல் மரியாதையும் எஞ்சுகின்றதால் இந்நூல் நம் உரைகல்லில் தேறுகிறது.

நகைச்சுவை வேண்டுவோர்க்கு, காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை இருக்கிறது. அதில் பேதையாக நிற்பவர் குருவே. குருக்களும் ஆசிரியரும் தம்மைக் கண்டு தாமே சிரிக்கக் கற்பிக்கும் நூல் அது. எம் போன்றோர் ஆண்டுக்கொரு முறை படித்தல் நலம்.

ஆட்டங்கள்

ஆட்டங்களையும் நூல்களைப் போலவே ஆராய வேண்டும். ஒவ்வோர் ஆட்டமும் ஆடுவோர்க்கு ஏதோ ஒரு வாழ்க்கைப் பார்வையைப் பழக்குகிறது.

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். இருவரும் சமமான காய்களோடு தொடங்குகின்றனர். முடிவில் ஒருவர் வெறுங்கையராகிறார். பொதுமை அழிந்து தனியுடைமை தோன்றிய கதையை இவ்வாட்டத்தில் கண்டார் பாளையங்கோட்டை அறிஞர் தொ. பரமசிவன் (1950–2020). அவரது விளக்கம் கூரியது. ஆயினும் பாட்டி பேத்தியோடு ஆடும்போது நிகழ்வது அதனினும் கூடுதலானது என்போம். தோற்றவள் மடியில் காய்களைத் திரும்பக் கொட்டி மறுபடி சமமாகத் தொடங்குகிறார்களே, அதுவும் ஆட்டத்தின் பகுதிதான்.

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். தனித்து நிற்கும் ஆட்டைப் புலி தாவி வெட்டும். ஆடுகள் நெருங்கி நின்று வழியை அடைத்தால் புலி அசைய முடியாது. எளியோர் ஒன்றுகூடினால் வலியோரைக் கட்டிப்போடலாம் என்பதைச் சொற்பொழிவின்றிச் சொல்லித் தருவதால், நம் ஊர்த் திண்ணையாட்டங்களில் இதற்கே முதலிடம் தருவோம். பலகையும் வேண்டா, தரையில் கரிக்கோடு போதும்.

பரமபதத்தில் ஏணிகள் நற்பண்பாகவும் பாம்புகள் தீமையாகவும் வரும். சிறுவர்க்கு நன்று. ஆனால் எல்லாம் தாயக்கட்டையின் விழுக்காட்டைப் பொறுத்திருப்பதால், முயற்சிக்கு அதில் இடமில்லை. பணம் வைத்து ஆடும் தாயமும் சீட்டும் அறவே விலக்கத்தக்கன. புனித பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளிவந்த தம் பக்திநெறி நூலில் அத்தகைய ஆட்டங்களைக் கண்டித்ததோடு, நல்லாட்டமாகிய சதுரங்கத்தையும் பல மணி நேரம் நீட்டித்தால் மனம் சோரும் என்று எச்சரித்தார். இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்ய 2022-இல் தமிழ்நாடு சட்டம் இயற்ற நேர்ந்ததை எண்ணினால், அவர் சொன்னது பழமையன்று என்பது விளங்கும். இணையம் இல்லாதது என்பதாலேயே ஒன்று நன்மையாகிவிடாது. சூதும் மதுவும் இணையம் தோன்றுமுன்பே வீடுகளை அழித்தன.

எஞ்சுவது

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 நாளிட்ட தம் மடலில், உருவாக்கத்தில் இலக்கியத்துக்குள்ள இடத்தைப் பற்றி எழுதினார். முதலில் குருக்களின் உருவாக்கத்தைக் கருதித் தொடங்கியதை அனைவருக்கும் விரித்தார். இலக்கியம் பிறர் குரலுக்குச் செவிகொடுக்கப் பழக்குகிறது என்பது அம்மடலின் மையக் கருத்துகளுள் ஒன்று. நாம் இதுகாறும் ஆராய்ந்தவற்றில் தேறியவை எல்லாம் இந்த ஒன்றில் ஒத்திருப்பதைக் காணலாம். வட்டத்தொட்டியில் ஒருவர் குரலைப் பலர் கேட்டனர். குறவஞ்சியில் குறத்தியின் குரலைக் கேட்கிறோம். பல்லாங்குழியில் எதிரில் அமர்ந்தவர் முகத்தைப் பார்க்கிறோம்.

இன்று நம் பங்குகளில் பல இல்லங்களில் முதியோர் பேசக் கேட்பார் இல்லை. ஞானசௌந்தரி நாடகத்தையும் எஸ்தாக்கியார் நாடகத்தையும் பாடி ஆடியோர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்கள் நினைவிலுள்ள பாடல்கள் அவர்களோடு அடக்கம் செய்யப்படும் நாள் தொலைவில் இல்லை. எந்த ஆட்டம், எந்த நூல் என்னும் தேர்வு இத்தனை பாரம் உடையது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் சாரற்காலத்தில் ஒவ்வோர் அன்பியமும் ஒரு மாலையை ஒதுக்கட்டும். கைப்பேசிகளை ஒரு கூடையில் இட்டுவிட்டு, ஒரு திருப்பாடலையும் குறவஞ்சியின் ஒரு பகுதியையும் மாறி மாறி வாய்விட்டுப் படியுங்கள். பழைய கூத்துப் பாட்டு அறிந்த முதியவரை நடுவில் அமர்த்திப் பாடச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒரு மூலையில் ஆடுபுலிக் கட்டம் வரையட்டும். கலைந்து வீடு திரும்பும்போது நெஞ்சில் எஞ்சுவது வறட்சியா, நிறைவா என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளுங்கள். நிறைவு எனில் அடுத்த வாரமும் கூடுங்கள். வறட்சி எனில் வேறு நூலை, வேறு ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள்.