எரிகிறது, சரி, எவ்வளவு நேரம்?

மருத்துவமனை, திரையரங்கு, கல்லூரி விடுதி போன்ற பெரிய கட்டடங்களின் மாடிப்படிகளில் அவசரகால விளக்குகள் பொருத்தப்பட்டிருப்பதை வாசகர்கள் கண்டிருக்கலாம். மின்சாரம் நின்றவுடன், உள்ளே இருக்கும் பாட்டரியின் துணையால் இவை தாமே எரியத் தொடங்கும். மாதம் ஒரு முறை ஊழியர் ஒருவர் வருகிறார், சோதனைப் பொத்தானை அழுத்துகிறார், விளக்கு எரிகிறது, பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். இதனால் உண்மையில் எது மெய்ப்பிக்கப்பட்டது?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி ஒன்று 12 வாட் விளக்கை எரிப்பதாகக் கொள்வோம். மின்னோட்டம் 1 ஆம்பியர். எனவே புதிய பாட்டரி ஏறத்தாழ 7 மணி நேரம் தாங்கும். பொத்தானை 30 விநாடி அழுத்தினால் செலவாவது இக்கொள்ளளவில் 840-இல் ஒரு பங்குதான். இனி, அதே பாட்டரி மூப்படைந்து பத்தில் ஒன்பது பங்கை இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 42 நிமிடங்களில் அணைந்துவிடும். ஆயினும் 30 விநாடிச் சோதனையில் அது தேறிவிடுகிறது!

தூர்ந்த ஏரியை நினைத்துப் பாருங்கள். கலங்கல் வழியே நீர் வழியும். கரையில் நிற்பவருக்கு ஏரி நிரம்பியதாகவே தோன்றும். ஆனால் அடியில் இருப்பது வண்டல். பாட்டரியின் மின்னழுத்தம் நீர்மட்டத்தைப் போன்றது, கொள்ளளவு வேறு. நம் பாடநூல் கணக்குகளில் மின்கலம் ஒருபோதும் மூப்படைவதில்லை. நடைமுறையிலோ, காரீய-அமில பாட்டரி சும்மா இருந்தே கெடுகிறது. இடைவிடாமல் மின்னேற்றத்தில் இருப்பதால் நேர்மின் தகட்டின் சட்டம் அரிக்கப்படுகிறது, நீரும் குறைகிறது. மின்னிறக்கம் அடைந்த நிலையில் விட்டுவைத்தால் காரீய சல்பேட் படிகங்கள் இறுகிப்போகின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது.

தொடங்குவது வேறு, நீடிப்பது வேறு என்பதை நியூயார்க் நகரம் 1993 பிப்ரவரி 26 அன்று கண்டது. உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்து 6 பேர் இறந்தனர். வழக்கமான மின்சாரம் அற்றுப்போயிற்று. அவசரகால ஜெனரேட்டர்கள் இயங்கத் தொடங்கின. ஆனால் அவற்றைக் குளிர்விக்கும் நீர்க்குழாய்கள் சேதமுற்றதால் சிறிது நேரத்தில் நின்றுவிட்டன. பல்லாயிரம் மக்கள் புகை சூழ்ந்த இருட்டுப் படிகளில் தடவித் தடவி இறங்கினர். அதன் பின்னரே அப்படிகளில் பாட்டரி விளக்குகளும் ஒளிரும் வண்ணப்பூச்சும் இடம்பெற்றன.

விதிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 101-ஆம் நெறிமுறை மாதந்தோறும் 30 விநாடிச் சோதனையையும், ஆண்டுக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேர முழுச் சோதனையையும் கோருகிறது. பிரிட்டனின் தரநிலையும் ஆண்டுக்கு ஒரு முறை முழு நேரமும் எரித்துப் பார்க்கச் சொல்கிறது. எளிய பாதியைச் செய்துவிட்டு, அரிய பாதியைத் தள்ளிப்போடுவதுதான் குறை. முழுச் சோதனை முடிந்ததும் பாட்டரி வெறுமையாகிவிடுமே, மீண்டும் மின்னேற ஒரு நாள் ஆகுமே, அதற்குள் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஒற்றைப்படை எண் விளக்குகளை ஒரு விடுமுறை நாளிலும், இரட்டைப்படை எண் விளக்குகளை மற்றொரு விடுமுறை நாளிலும் பகலில் சோதித்தால் படிக்கட்டு முழுவதும் காப்பற்றுப் போகாது.

மாணவ நண்பர்களே, உங்கள் விடுதியிலோ கல்லூரியிலோ அந்தப் பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். 'சரி' என்ற சொல்லைக் கண்டு நிறைவடையாதீர்கள். எந்தத் தேதியில், எத்தனை நிமிடம் எரிந்தது என்ற எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத இடத்தில் அளவீடு இல்லை. அளவீடு இல்லாததைச் சோதனை என்று அறிவியல் ஏற்பதில்லை.