எதை வைத்து அளந்தாய்?

ஜோர்ஜ்டவுனில் மஸ்ஜிட் கெப்பித்தான் கெலிங் சாலையை 'நல்லிணக்கத் தெரு' என்பார்கள். செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், கெப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் சிறுநடை தூரம். பக்கத்துத் தெருவில் மகா மாரியம்மன். அங்கே தே தாரிக் குடிக்கும்போது நண்பன் சொன்னான்: "எல்லாத் தத்துவமும் கடைசியில ஒண்ணுதான்லா." எனக்கு அது ஒப்பவில்லை. அடுத்தடுத்து நிற்பதாலேயே ஒன்றாகிவிடுமா?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. இரண்டு கருவிகள் வெவ்வேறு எண் காட்டினால், எது சரி என்று உடனே பார்க்கமாட்டோம். எதை வைத்து அளந்தது என்றுதான் முதலில் பார்ப்போம்.

மணிமேகலையின் 27ஆம் காதையான 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'யில் இதே ஒழுங்கைக் கண்டேன். வஞ்சி நகரில் மணிமேகலை பத்து வாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிறவன் அளவைவாதி. கடவுள், உயிர், உலகமெல்லாம் பிறகுதான். ஒன்றை அறிந்தேன் என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்பதே முதல் கேள்வி. காண்டல், கருதல் என்று தொடங்கி அளவைகள் பத்தை அவன் அடுக்குகிறான். கடைசியில் வரும் பூதவாதி, அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். அவள் கை வைப்பது அவனுடைய அளவுகோலில்.

அதற்காக இந்தக் காதை நடுநிலையானது என்று சொல்லமாட்டேன். இது பௌத்தக் காப்பியம். யார் ஜெயிப்பார் என்பது முன்பே தெரியும். வைணவவாதிக்குக் கிடைப்பது இரண்டே அடி. ஆசீவகவாதிக்கோ விரிவான இடம். அணுக்கொள்கையை அவன் நிதானமாகச் சொல்லி முடிக்கிறான். இது சாதாரண விஷயமில்லை. ஆசீவகர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. 1951இல் ஏ. எல். பாஷம் ஆசீவகர் வரலாற்றை எழுதியபோது மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் மூன்றையும் சான்றாக எடுத்துக்கொண்டார். ஒன்று பௌத்தம், ஒன்று சமணம், ஒன்று சைவம். மூன்றுமே எதிர்த்தரப்பு! மறுக்க வந்தவர்கள் முதலில் காதுகொடுத்துக் கேட்டார்கள். 'எல்லாம் ஒண்ணுதான்' என்று கடந்து போயிருந்தால் அந்த அணுக்கொள்கை நமக்கு இந்த அளவுக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் உறுத்துகிறது. இளம்பெண்ணுக்கு யாரும் தத்துவம் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் மணிமேகலை ஆண் துறவியின் உருவம் எடுத்துப் போகிறாள். தத்துவ வரலாறுகளை ஒப்பிடும்போது நாம் கொள்கைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கேட்கும் இடத்தில் யாரை உட்காரவிட்டார்கள், யார் வேடம் போட வேண்டியிருந்தது என்பதும் அந்த வரலாற்றில் சேர்த்தி.

அன்று நண்பனிடம் கேட்காமல் விட்டதை இங்கே கேட்டுவிடுகிறேன்: ஒண்ணுன்னு சொன்னியே, எந்த அளவையை வச்சு சொன்ன?