வில்லங்கம் பார்க்காமல் வாங்கிய ஏக்கர்கள்

மனை வாங்கப் போகிறவனுக்கு நம் ஊரில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பத்திரம் கேட்பான். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பான். வக்கீலிடம் ஒப்பினியன் வாங்குவான். அதற்குப் பிறகும், "இந்த இடத்துல ஏதாச்சும் பிரச்சினை உண்டாண்ணே?" என்று பக்கத்து டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸில் கை வைப்பான். அதே ஆள், பத்தாயிரம் ஏக்கர் வைத்திருக்கும் கட்டுமான நிறுவனத்தின் பங்கு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் இரண்டே நிமிடத்தில் செல்போனில் வாங்கிவிடுகிறான். மண்ணில் போட்ட காசு வீண்போகாது என்ற நம்பிக்கைதான் காரணம். ஆனால் அவன் போட்டது மண்ணில் இல்லை. மண்ணை வைத்திருக்கிற ஒருவரிடம் போட்டிருக்கிறான்.

நிலத்தின் மதிப்பைவிடக் குறைந்த விலையில் நிற்கும் பங்கை வாங்கலாமா என்ற கேள்வியைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது. அதனால் 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குப் போவோம். கடையில் அன்று இரண்டு சரக்கு இருந்தது: டிஎல்எஃப், யூனிடெக் என்ற இரு கட்டுமான நிறுவனங்களின் பங்குகள்.

டிஎல்எஃப் 2007 ஜூனில் பங்கு ஒன்று 525 ரூபாய் என்று வெளியிட்டு 9,187 கோடி திரட்டியது. கையில் 10,255 ஏக்கர் இருப்பதாக அதன் வெளியீட்டு ஆவணம் சொன்னது. 2008 ஜனவரியில் பங்கு 1,200 ரூபாயை எட்டியது. யூனிடெக்கிடமும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் இருப்பதாகக் கணக்கு. அதன் பங்கு அதே ஜனவரியில் 500-ஐத் தாண்டியது. அடுத்த ஓராண்டில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி சாய்ந்தது, இங்கே வங்கிகள் கையை மூடிக்கொண்டன. டிஎல்எஃப் 150 அளவுக்கும் யூனிடெக் 30 ரூபாய்க்குக் கீழேயும் வந்தன. நிலம் ஒரு சென்ட்கூட நகரவில்லை. அப்படியானால் இரண்டுமே அடிமாட்டு விலைதானே?

அந்த நில மதிப்பு எப்படிப் போடப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். இத்தனை ஏக்கர், ஏக்கருக்கு இத்தனை சதுர அடி கட்டலாம், சதுர அடி இன்ன விலைக்குப் போகும். பெருக்கு, செலவைக் கழி, கடனைக் கழி, பங்குகளின் எண்ணிக்கையால் வகு. இந்தக் கணக்கில் மிச்சமுள்ளதெல்லாம் காலம்தான். அதை எத்தனை வருஷம் என்று போடுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும்.

ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். கற்பனையாக ஒரு நிறுவனம்: நிலம் 100 கோடி, கடன் 40 கோடி. மீதம் 60. சந்தை அதற்கு 30 கோடி விலை வைத்திருக்கிறது. பாதி விலை என்று மனம் துள்ளும். ஆனால் அவ்வளவு நிலத்தையும் ஒரே நாளில் விற்க முடியாது. ஆண்டுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று விற்றால் பன்னிரண்டு ஆண்டு. இத்தொழிலில் பணத்தின் விலை ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்தால், அந்த 100 கோடியின் இன்றைய மதிப்பு 45 கோடிதான். கடன் போக 5 கோடி. நிலத்தின் விலை ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறட்டும், ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாகவே வைத்தால் 61 கோடி வருகிறது. கடன் போக 21. சந்தை கேட்பதோ 30. பாதி விலை என்று நினைத்தது உண்மையில் கூடுதல் விலை. நிலத்தில் குறையில்லை, மனையடி சாஸ்திரத்திலும் குறையில்லை. வட்டி ராத்தூக்கம் இல்லாமல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பு வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும், அது லேசான வாதமில்லை. கணக்குப் புத்தகத்தில் நிலம் வாங்கிய விலையில் நிற்கிறது. டிஎல்எஃப்பின் தலைவராக இருந்த கே.பி. சிங் குர்காவுன் விவசாயிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நிலத்துக்கு ஏட்டில் என்ன மதிப்பு, சந்தையில் என்ன மதிப்பு? அந்த வித்தியாசம் கற்பனை இல்லை. இன்னொரு உதாரணம் இன்னும் துல்லியமானது. 2005-இல் மும்பை லோயர் பரேலில் ஒரு மில் நிலத்தை டிஎல்எஃப் 702 கோடிக்கு ஏலத்தில் எடுத்தது. 2012-இல் அதை லோதா குழுமத்துக்கு 2,700 கோடிக்கு மேல் விற்றது. ஏழாண்டில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. மண்ணில் போட்ட காசு வீண்போகவில்லை.

ஆனால் அதே 2012-இல் டிஎல்எஃப் பங்கு எங்கே இருந்தது? வெளியீட்டு விலையான 525-இல் பாதிக்கும் கீழே. நிலம் நாலு மடங்கு ஆனபோது, நிலத்துக்காகப் பங்கு வாங்கியவரின் பணம் பாதியாகவில்லை, அதற்கும் குறைந்தது. வந்த பணம் கடனைக் குறைக்கப் போனது. நிறுவனத்தின் நிகரக் கடன் அன்று 20,000 கோடிக்கு மேல். நிலத்தின் விலையேற்றத்தில் முதல் பங்கு வங்கிக்கு. மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு. என் கணக்கில் இந்த ஒரு விற்பனை, நிலமதிப்பை வைத்துப் பங்கு வாங்கச் சொல்லும் எல்லா ஆய்வறிக்கைகளையும் சாய்த்துவிடுகிறது.

இப்போது யூனிடெக். 1970-களின் தொடக்கத்தில் மண் பரிசோதனை செய்யும் பொறியாளர்களின் நிறுவனமாகப் பிறந்தது என்பது கதையின் கசப்பான நகைச்சுவை. நெருக்கடி வந்தபோது அது குர்காவுன் ஹோட்டலை விற்றது, அலுவலகக் கட்டடம் விற்றது, புதுப் பங்குகளும் விற்றது. 2009 ஏப்ரலில் பெரிய முதலீட்டாளர்களுக்கு 38 ரூபாய் 50 காசுக்குப் பங்கு கொடுத்து 1,600 கோடி திரட்டியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 81 ரூபாய்க்கு மறுபடி ஒரு விற்பனை. நெருக்கடிக்கு முன் 162 கோடியாக இருந்த பங்குகள் சில ஆண்டுகளில் 261 கோடி ஆயின. ஊர்க்கணக்கில் சொன்னால், பழைய பங்குதாரரின் பெயரில் இருந்த ஒரு ஏக்கர் 62 சென்ட் ஆகிவிட்டது. பதிலுக்குப் பணம் உள்ளே வந்தது உண்மை. ஆனால் நிலத்தின் மதிப்பைவிடப் பங்கு மலிவு என்பதை நம்பித்தானே உள்ளே போனோம்? அந்த மலிவு விலைக்கே நிறுவனம் புதியவர்களுக்கு விற்றால், மலிவின் லாபம் அவர்களுக்குப் போகிறது. கடன் நெருக்கும் நிறுவனத்தில் இது விபத்தில்லை. வேறு வழியில்லாமல் நடந்தே தீரும்.

பணம் எங்கே போகிறது என்பது அடுத்த வில்லங்கம். வீடு கட்டுகிற யூனிடெக் 2008-இல் சுமார் 1,650 கோடி கட்டி நாடு முழுவதற்கும் செல்போன் உரிமம் வாங்கியது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 122 உரிமங்களில் அவையும் அடக்கம். அந்த உரிமங்கள் தொடர்பான 2ஜி வழக்கில் கைதான நிர்வாக இயக்குநர் சஞ்சய் சந்திரா 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்; அதையும் சொல்லிவிடுவதே நியாயம். வீடு வாங்கியவர்களின் புகார் தனி. நீதிமன்றத்துக்குப் போன தடயத் தணிக்கை அறிக்கையின்படி, சுமார் 29,800 பேர் 74 திட்டங்களுக்காகச் செலுத்தியது 14,270 கோடி. அதில் 5,063 கோடி கட்டுமானத்துக்குப் பயன்படுத்தப்படவில்லை. 2020 ஜனவரியில் நிர்வாகத்தை மத்திய அரசு நியமித்த குழுவிடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது. பங்கு அந்த ஆண்டு ஒரு ரூபாய் அளவில் கிடந்தது.

நடந்து முடிந்ததை வைத்து ஞானம் பேசுவது சுலபம் என்று யாராவது முணுமுணுக்கலாம். சரிதான். தணிக்கை அறிக்கை 2009-இல் கிடையாது. ஆனால் கடனை அடைக்கச் சொத்தும் பங்கும் விற்கிறார்கள் என்பதும், வீடு வாங்குபவர்களின் பணம் புழங்கும் நிறுவனம் செல்போன் தொழிலில் இறங்கிவிட்டது என்பதும் அன்றைய நாளிதழிலேயே இருந்தது. அந்த இரண்டு மட்டுமே போதும், வேண்டாம் என்று சொல்ல.

டிஎல்எஃப் மட்டும் சுத்தத் தங்கமா என்றால், இல்லை. பங்கு வெளியிட்ட காலத்தில் அது கட்டிய அலுவலகக் கட்டடங்களில் கணிசமானவற்றை வாங்கியது டிஎல்எஃப் அசெட்ஸ் என்ற நிறுவனம். அது நிறுவனர் குடும்பத்துடையது. விற்றவரும் வாங்கியவரும் ஒரே வீட்டில் சாப்பிடும்போது, லாபம் என்று ஏட்டில் எழுதியதை எவ்வளவு நம்புவது? வெளியீட்டு ஆவணத்தில் விவரங்களை மறைத்ததாக 2014-இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, நிறுவனத்தையும் கே.பி. சிங்கையும் மூன்றாண்டு சந்தையைவிட்டு விலக்கியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015-இல் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016-இன் தொடக்கத்தில் பங்கு 100 ரூபாய்க்கும் கீழே போனது. அதாவது 2009-இன் பீதியில் 150-க்கு வாங்கிய துணிச்சல்காரர்கூட ஏழாண்டு கழித்து நஷ்டத்தில் இருந்தார்.

டிஎல்எஃப்பைக் காப்பாற்றியது நிலம் இல்லை, வாடகை. குர்காவுன் சைபர் சிட்டி, சென்னை மணப்பாக்கத்தில் ஐ.டி.காரர்கள் தினமும் நெரிசலில் நுழையும் அந்த வளாகம், இவற்றிலிருந்து மாதம் பிறந்தால் வாடகை வந்தது. வீடு விற்காத வருஷத்திலும் வட்டி கட்ட அது உதவியது. 2017-இல் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜிஐசி, வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் துணை நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கை 8,900 கோடி அளவுக்கு வாங்கியது. விற்றது நிறுவனர் குடும்பம். அந்தப் பணத்தின் பெரும்பகுதியை அவர்கள் டிஎல்எஃப்பிலேயே திரும்பப் போட்டார்கள். நான் இந்தக் கதையில் தேடிக்கொண்டிருந்த நாள் அதுதான். பத்து ஆண்டுகளாக எதிரெதிர்ப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த குடும்பத்தின் பையும் பங்குதாரரின் பையும் அன்று ஒன்றாயின. 2019-இல் டிஎல்எஃப் 183 ரூபாய் 40 காசுக்குப் புதுப் பங்குகள் விற்று 3,173 கோடி திரட்டிக் கடனை மேலும் குறைத்தது. 2024-இல் பங்கு 900-ஐத் தாண்டியது. அப்போதும் 2008-இன் உச்சத்தை எட்டவில்லை என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கட்டுமானத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ரேரா சட்டப்படி வீடு வாங்குபவர் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை முடிந்த அளவுக்கு, பொறியாளரும் ஆர்க்கிடெக்ட்டும் ஆடிட்டரும் சான்று கொடுத்தால்தான் எடுக்கலாம். அந்தத் தனிக் கணக்கு 2009-இல் இல்லை. திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை வீடு பதிவாயிற்று என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேரா தளத்தில் ஏற்ற வேண்டும் என்பதும் விதி. லாப விகிதத்தைப் பார்த்து ஏமாறுவதற்கு மட்டும் புதுவழி வந்திருக்கிறது: 2018 ஏப்ரலில் வந்த கணக்குமுறைக்குப் பிறகு, பெரும்பாலும் வீட்டை ஒப்படைக்கும்போதுதான் வருமானம் ஏட்டில் ஏறுகிறது. மூன்று ஆண்டு கட்டிய குடியிருப்பு ஒரே காலாண்டில் லாபமாகக் கொட்டும். அந்த வருஷம் பங்கு மலிவாகத் தெரியும். ஆகவே நான் ஏட்டு லாபத்தை விட்டுவிட்டு, வாடிக்கையாளரிடம் வசூலான பணத்தையும் கட்டிய வட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன்.

காகிதத்தை நம்பாத நேரத்தில் சைட்டுக்கே போய்விடுவது என் வழக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் 'விற்றுத் தீர்ந்தது' என்று பலகை வைத்த ஒரு குடியிருப்பின் எதிரில், சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு நின்று ஜன்னல் வெளிச்சத்தை எண்ணியிருக்கிறேன். வாட்ச்மேனிடம் ஒரு டீயோடு பேசினால் இரண்டாவது டவரில் சென்ட்ரிங் பிரித்து எத்தனை மாதம் ஆயிற்று, மேஸ்திரி எந்த வாரத்திலிருந்து வரவில்லை என்பதெல்லாம் வந்துவிடும். ஆண்டறிக்கையில் அந்த விவரம் 'கையிருப்பு' என்ற ஒரே வரிக்குள் புதைந்திருக்கும்.

என் தீர்ப்பு இதுதான். நில மதிப்பில் பாதிக்குக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கட்டுமான நிறுவனப் பங்கையும் வாங்கக்கூடாது. 30 ரூபாய் யூனிடெக் மலிவில்லை, 150 ரூபாய் டிஎல்எஃப்பும் மலிவில்லை. 183 ரூபாய் டிஎல்எஃப் மலிவு. வாடகையும் வசூலும் வட்டியைத் தாண்டி நிற்க வேண்டும். நிறுவனர் தன் கைப்பணத்தை உள்ளே போட்டிருக்க வேண்டும். விற்பனை அவர் வீட்டுக்குள்ளேயே சுற்றக்கூடாது. இந்த மூன்றும் தெரிந்தபின் நிலத்தைக் கொசுறாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அளவுகோலுக்கு விலை உண்டு. இதை வைத்திருந்தால் 2009 கோடையில் யூனிடெக் 38-இலிருந்து 81-க்குப் போன மூன்று மாதத்தை வேடிக்கை பார்த்திருப்பேன். 2016-இல் 100-க்குக் கீழே கிடந்த டிஎல்எஃப்பையும் விட்டிருப்பேன். அன்று கடன் அப்படியே இருந்தது, குடும்பம் பணம் போடுமா என்பது உறுதியாகத் தெரியாது. தெரியாமல் வாங்கி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராக இல்லாமல் போனதை நான் நஷ்டக் கணக்கில் எழுதவில்லை.