மவுஸால் ஒரு மாரடைப்பு

ஈ.சி.ஜி. பேப்பரை ஜாதகக் கட்டம் மாதிரி உற்றுப் பார்த்துவிட்டு, புரியாமல் டாக்டர் முகத்தைப் பார்ப்பது நம் வழக்கம். அந்தக் கோடு ஏன் அப்படி வளைகிறது என்று காட்ட ஒரு மென்பொருள் இருக்கிறது. பெயர் ஈ.சி.ஜி.சிம். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து வான் ஊஸ்டரோமும் ஊஸ்டென்டார்ப்பும் 2004-ல் 'ஹார்ட்' மருத்துவ இதழில் அறிமுகப்படுத்தி, இலவசமாகவே கொடுத்தார்கள்.

திரையில் இதயம், மார்பு, ஈ.சி.ஜி. மூன்றும் தெரியும். இதயத்தில் ஓரிடத்தை மவுஸால் தொட்டு, அங்கே செல்களின் மின்னழுத்தத்தைக் குறைத்தால் கோடு உடனே மாறுகிறது. உயிர்ச்சேதம் இல்லாத மாரடைப்பு!

பழைய மாரடைப்பின் அடையாளமான 'க்யூ' பள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். செத்த தசை எந்த சிக்னலும் தராது. பின்னே பள்ளம் எங்கிருந்து வருகிறது? கயிறு இழுக்கும் போட்டிதான். இதயத்தின் எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின் மின்சாரத்தை மற்றது பெரும்பாலும் அடித்துவிடுகின்றன. ஒரு பக்கத்து ஆள் விழுந்தால் கயிறு மறுபக்கம் ஓடும். பள்ளத்தை வரைவது, பிழைத்திருக்கும் எதிர்ச் சுவர்.

குறைகளும் உண்டு. 2004-ல் வந்த வடிவத்தில் இதயத்தின் கீழறைகள் மட்டும்தான். அதுவும் ஆரோக்கியமான ஓர் இளைஞனுடையவை. தொப்பையும் சர்க்கரையும் உள்ள 55 வயதுக்காரர் அதில் இல்லை.

இன்னொன்று, இது ஒருவழிப் பாதை. சேதத்தைச் சொன்னால் கோடு வரும். கோட்டிலிருந்து சேதத்துக்குப் போவதுதான் கஷ்டம். வெவ்வேறு சேதங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டைத் தரலாம். டாக்டர்கள் தினமும் போடுவது இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான். வழக்கமாக ஒட்டும் 10 எலெக்ட்ரோடுகளில் ஒன்றுகூட முதுகில் கிடையாது. இதயத்தின் பின்சுவரில் அடி விழுந்தால், முன்மார்பில் அது எஸ்.டி. இறக்கமாக, தலைகீழாகத் தெரியலாம். சில சமயம் தெரியாமலே போகலாம்.

ஆகவே, நெஞ்சு வலியோடு போனவருக்கு முதல் ஈ.சி.ஜி. 'நார்மல்' என்றால், 'காஸ் ட்ரபிள்தான்' என்று சோடா குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. டாக்டர் மறுபடி ஈ.சி.ஜி. எடுப்பதும், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பதும் பில்லை ஏற்றுவதற்கல்ல. முதல் கோடு சொல்லாமல் விட்டதைப் பிடிப்பதற்கு.

மருத்துவ மாணவர்களுக்குப் பயன்படும் சமாசாரம்தான். ஆனாலும் 'நார்மல்' என்ற வார்த்தைக்கு எல்லை எங்கே என்று காட்டுகிறதே, அதற்காக ஃபர்ஸ்ட் கிளாஸ் போடலாம்.