பெரிய மேளமும் சிறிய பெட்டியும்

அமெரிக்கர்கள் தங்கள் நடன வாத்தியக் கோஷ்டியை 'பிக் பாண்ட்' என்று சொல்லுகிறார்கள். தமிழில் அதற்கு ஒரு சொல் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. பல தலைமுறைகளாகவே நம்மிடம் இருக்கிறது: பெரிய மேளம். தஞ்சாவூர்ச் சீமையில் சதிர்க் கோஷ்டிக்குச் சின்ன மேளம் என்று பெயர். நாகஸ்வரமும் தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்தால் அது பெரிய மேளம். இந்தச் சொற்பொருத்தத்தை முதலில் கவனித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வார்த்தைகள் இப்படி எங்கேயாவது ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது சகஜம். ஆனால் எடப்புளி நாட்டில் ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒரு பழைய ஒலிநாடாவைக் கேட்ட பிறகு, அது வெறும் சொற்பொருத்தம் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

எடப்புளி நாடு என்றதும் ஏதோ சமஸ்தானம் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. கொல்லிமலையின் மேல் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள். அப்படிப் பல நாடுகள் அங்கே உண்டு. காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தலை சுற்றல் நின்று, கண் திறந்து பார்த்தால் மிளகுக் கொடியும் பலாவும் சாமைக் காடுமாக இருக்கிறது. அங்கே ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வீட்டில் தங்கினேன். வாத்தியார் சங்கீதப் பைத்தியம். சங்கீதம் படித்தவர் அல்ல, கேட்டவர். கேட்டதெல்லாம் வானொலியில். மலை மேல் பகலில் கரகரக்கும் திருச்சி நிலையம் ராத்திரியானால் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலத் துல்லியமாக வருமாம். அப்படிக் கேட்டு, எண்பதுகளில் ஒரு சின்ன டேப் ரிகார்டரை ரேடியோவுக்கு எதிரே வைத்து அவர் பிடித்து வைத்த நாகஸ்வரம் ஒன்றைத்தான் எனக்குப் போட்டுக் காட்டினார்.

தோடி. நடுவில் பிடித்த தோடி. அறிவிப்பாளர் வித்வானின் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் வாத்தியார் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கடைசியில் மறுபடியும் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அதற்குள் நாடா தீர்ந்துவிட்டது. ஆகவே பெயர் இல்லாத தோடி.

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வர வேண்டும்.

அங்கே பெரிய மேளம் ஓங்கியதும் வானொலியால்தான். 1935-ஆம் வருஷம் பென்னி குட்மன் என்ற கிளாரினெட் வித்வான் வாரா வாரம் வானொலியில் வாசித்தார். கிழக்குக் கரையில் அது நேரம் கழித்து ஒலிபரப்பான நிகழ்ச்சி. மேற்குக் கரையிலோ வாலிபர்கள் விழித்திருக்கும் வேளை. அந்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பாலோமார் என்ற நடனக் கூடத்தில் அவர் வாசித்தபோது கூட்டம் ஆடுவதை நிறுத்திவிட்டு மேடையருகே வந்து நின்றது. ஸ்விங் யுகம் அன்று ஆரம்பித்ததாகச் சொல்லுவார்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனுமாகப் பதினைந்து பேர் கொண்ட கோஷ்டிகள் ஊர் ஊராகப் போயின. ஹோட்டல் கூடங்களிலிருந்து ராத்திரி வேளையில் நேரடியாக ஒலிபரப்பாயின.

பிறகு சரிந்தது. 1942 ஆகஸ்டில் வாத்தியக்காரர்களின் சங்கம் இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. இரண்டு பெரிய கம்பெனிகளுக்கு அது 1944 நவம்பர் வரை நீடித்தது. யுத்த காலத்து வரி நடனக் கூடங்களை நசுக்கியது. 1946 டிசம்பரில் பெரிய கோஷ்டிகள் பல ஒன்றன் பின் ஒன்றாகக் கலைந்தன. இதற்கிடையில் அந்தக் கோஷ்டிகளுக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்த சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்ற இளைஞர்கள், ஐந்து பேர் போதும், ஆடுவதற்கு வேண்டாம், உட்கார்ந்து கேள் என்று ஒரு புது சங்கீதத்தைக் கொண்டு வந்துவிட்டார்கள். அதற்கு பீபாப் என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை. வேலைநிறுத்தம் இசைத்தட்டுக்குத்தான், நேரடி வானொலிக்கு அல்ல. ஆகவே அந்த இரண்டு வருஷங்களில் பெரிய மேளங்கள் எப்படி வாசித்தன என்று அறிய வேண்டுமானால் ஒலிபரப்பிலிருந்து யாரோ பிடித்து வைத்த தட்டுகளைத்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கிறது. பிற்காலத்துக்கும் அவைதான் நல்ல சாட்சி. கவுண்ட் பேஸி 1948-இல் நியூயார்க்கில் ராயல் ரூஸ்ட் என்ற இடத்திலிருந்து வாசித்த ஒலிபரப்புகள் கிடைக்கின்றன. ராயல் ரூஸ்ட் பீபாப் காரர்களின் கோட்டை. அங்கே பழைய மேளம் போய் உட்கார்ந்திருக்கிறது! தம்முடைய பழைய தாள நடையை பேஸி விடவில்லை. ஆனால் கோஷ்டியில் இருந்த இளைஞர்கள் தங்கள் முறை வரும்போது புதுக் காலத்துப் பிடிகளைப் போடுகிறார்கள். தாத்தா வீட்டுக் கூடத்தில் பேரன் பேசுவது போல இருக்கும். ஸ்டுடியோத் தட்டில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. தட்டுக்கு மூன்று நிமிஷம். அதில் எல்லாரும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வார்கள். ஒலிபரப்பில் கண்ணாடித் தம்ளர் சத்தமும் கை தட்டலும் தவறிய ஸ்வரமும் இருக்கும். இரண்டு வருஷம் கழித்து, 1950-இல், பேஸியே செலவு தாங்காமல் பெரிய கோஷ்டியைக் கலைத்துவிட்டுச் சின்னக் கோஷ்டி வைத்துக்கொண்டார். 1952-இல் மறுபடி பெரிசாகச் சேர்த்தார் என்பது வேறு கதை.

நம் கதைக்கு வருகிறேன்.

பெரிய மேளம் வீதிக்காகப் பிறந்தது. கம்பீர நாட்டையில் மல்லாரி வாசித்து சுவாமி புறப்பட்டால் நாலு வீதி சுற்றி வர ராத்திரி முழுவதும் ஆகும். மூலைக்கு மூலை நின்று ஆலாபனை. ஒரே ராகம் மணிக்கணக்கில் போகும். ஊரே நடந்துகொண்டே கேட்கும். அவசரம் என்பதே கிடையாது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையம் வந்தது. நாலு வீதியும் ஒரு அறைக்குள் வந்துவிட்டன. ராத்திரி முழுவதும் என்பது அரை மணி ஆயிற்று. தவிலை மைக்குக்கு அருகில் வைத்தால் அது நாகஸ்வரத்தை விழுங்கிவிடும். தூரத்தில் வைத்தால் தவிலே இல்லை, யாரோ பக்கத்துத் தெருவில் தட்டுவது போல இருக்கும். பழைய ஒலிப்பதிவுகளில் பாதியில் தவில் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற ஒரு லய மேதை 1949-இல் மறைந்துவிட்டார். ஒலிநாடா பரவலாக வருவதற்குச் சில வருஷங்கள் முன்னாலேயே. அந்தக் கைகள் வீதியில் என்ன செய்தன என்பதைக் கேட்டவர்கள் சொல்லித்தான் நாம் நம்ப வேண்டும்.

இது நஷ்டக் கணக்கு. லாபமும் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. சபாக்களின் மேடையில் நாகஸ்வரக்காரருக்குக் கிடைக்காத சரியாசனம் வானொலியில் கிடைத்தது. கேட்பவனுக்கு அவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, என்ன ஜாதி என்று தெரியாது. வாசிப்புத்தான் தெரியும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் கோட்டுமாக மேடையில் உட்கார்ந்து, பாட்டுக்காரருக்கு என்ன மரியாதையோ அதுவே எனக்கும் என்று கேட்டு வாங்கினார் என்பது எல்லாரும் அறிந்தது. அவர் கையிலெடுத்த நீளமான பாரி நாகஸ்வரமும் அந்த வழக்கின் ஒரு பகுதிதான் என்பது என் அபிப்பிராயம். திமிரி என்ற குட்டையான, உச்ச சுருதி வாத்தியம் வீதிக்கு ஏற்றது. பாரியின் தாழ்ந்த சுருதி கூடத்துக்கும் மைக்குக்கும் ஏற்றது. அதாவது வீதி போய்க்கொண்டிருக்கிறது என்பதை அவர் யாருக்கும் முன்னால் காதில் வாங்கிக்கொண்டார்.

ஆனால் அமெரிக்காவில் நடந்ததற்கும் இங்கே நடந்ததற்கும் ஒரு வித்தியாசம். அங்கே புது சங்கீதக்காரர்கள் பெரிய மேளத்திலிருந்து வெளியேறி வந்தவர்கள். இங்கே பெரிய மேளத்துக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுடைய ஆலாபனைதான் வெளியேறிப் போயிற்று. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் ராக விஸ்தாரத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் நிழல் விழுந்திருப்பதைச் சொல்லாதவர் இல்லை. சரக்கு சபாவுக்குப் போய்விட்டது. சரக்குக்குச் சொந்தக்காரர் கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு மட்டும் தேவைப்பட்டார். வானொலியும் விடியற்காலையில் 'மங்கள இசை' என்று பத்து நிமிஷம் வைத்து, அதையே அவருடைய இடம் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டது. 1958-இல் டேவ் புரூபெக் சென்னைக்கு வந்து பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு வியந்தார். மிகவும் சந்தோஷம். யாராவது அவரை ஒரு கோயில் வீதிக்கும் அழைத்துப் போய் இரண்டு தவில்களுக்கு நடுவே நிறுத்தியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஒரு ஆசை.

வாத்தியார் வீட்டுக்குத் திரும்புவோம். தோடி ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நான் சொல்லிவிட்டேன்: "ராஜரத்தினம் பிள்ளை."

வாத்தியார் நிதானமாக, "இல்லைங்க சார், நாமகிரிப்பேட்டையார்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நாமகிரிப்பேட்டை மலையடிவாரத்து ஊர். கிருஷ்ணன் (1924-2001) பெரிய வித்வான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கீழே குனிந்து பார்த்தால் தெரிகிற ஊர்க்காரர் என்பதால் வாத்தியாருக்கு எல்லா நாகஸ்வரமும் அவருடையதாகக் கேட்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். என் கட்சிக்கு ஆதாரம் அடுக்கினேன். சுருதியைப் பாருங்கள், எவ்வளவு தாழ்வு; இது பாரி. மூச்சைப் பாருங்கள், முடியவே இல்லை. காந்தாரத்தில் நின்று அசைக்கிற அசைப்பைப் பாருங்கள். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த காது ஐயா இது, ஏமாறாது. இவ்வளவும் சொன்னேன்.

வாத்தியார் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் புது பாட்டரி கொண்டு வந்து போட்டார். நாடா சுறுசுறுப்பாக ஓடத் தொடங்கியது. சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிட்டது! நீளமான மூச்சு சாதாரண நல்ல மூச்சாயிற்று. கம்பீரமான அசைப்பு கொஞ்சம் விறுவிறுப்பான அசைப்பாயிற்று. என் ஆதாரங்களில் முக்கால் பங்கு செத்துப்போன பாட்டரியின் கைவண்ணம்.

இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் விமர்சனம் எழுதுகிறவன் எழுதத்தான் வேண்டும். பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றி நாம் சொல்லும் பெருமைகளில் எவ்வளவு வித்வானுடையது, எவ்வளவு பெயருடையது, எவ்வளவு யந்திரத்துடையது? 'அந்தக் காலத்து நாதம்' என்று உருகுகிறோமே, அது தேய்ந்த நாடாவின் மங்கலாகவும் இருக்கலாம். ஸ்விங் காலத்து ஒலிபரப்புகளைச் சேகரிக்கிறவர்கள் இதற்காக வெகு கவலைப்படுகிறவர்கள். தட்டு எந்த வேகத்தில் வெட்டப்பட்டது என்று சரிபார்த்துத்தான் பேசுவார்கள். 1940 நவம்பர் 7-ஆம் தேதி ஃபார்கோ என்ற குளிர் பிரதேசத்து ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரு தட்டு வெட்டும் யந்திரத்தை வைத்துக்கொண்டு எல்லிங்டன் கோஷ்டியின் ஒரு ராத்திரி நடன நிகழ்ச்சியைப் பிடித்தார்கள். வியாபாரத்துக்கு அல்ல, தங்கள் ஆசைக்கு. அது இன்று ஜாஸ் உலகத்தின் பெரிய சொத்து. அங்கே தேதி தெரியும், இடம் தெரியும், வாசித்தவர் ஒவ்வொருவர் பெயரும் தெரியும். நம்மிடம் ரஸிகர்கள் வீட்டில் பிடித்த நாடாக்கள் பரண்களில் கிடக்கின்றன. பலவற்றின் மேல் 'நாகஸ்வரம் - நல்ல பதிவு' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இராது. தவில்காரர் பெயரோ கேட்கவே வேண்டாம்.

மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னேன். இந்தத் தடவை யார் என்று யோசிக்காமல் கேட்க முயன்றேன். சுலபமாக இல்லை. காரைக்குறிச்சி அருணாசலமாக இருக்குமோ என்று ஒரு இடத்தில் தோன்றியது. 1964-இல் சின்ன வயதிலேயே போய்விட்ட அந்த மனிதருடைய குழைவு பஞ்சமத்தை நெருங்கும்போது இருந்தது போலப் பட்டது. போலப் பட்டது என்றுதான் சொல்கிறேன்; நான் இப்போது ஜாக்கிரதை. ஆனால் ஒன்று நிச்சயம். மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அந்த மனிதர் இறங்கி வரும் இடத்தில், பக்கத்துத் தெருவில் இருந்த தவில் சட்டென்று ஒரு முறை கிட்டே வந்துவிடுகிறது. தாளக்கட்டில்லாத ஆலாபனை முடியும் முன்பே, பொறுக்காமல் போட்ட ஒரே ஒரு சொல். அது ஸ்டுடியோ ஒழுங்குக்கு விரோதம். வீதியில் பழகிய கை அது. அந்த ஒரு தட்டுக்காக நான் நாடாவை மூன்று தடவை திருப்பச் சொன்னேன். முழு அரை மணியில் அதுதான் பெரிய மேளம். மற்றதெல்லாம் நல்ல நாகஸ்வரக் கச்சேரி.

"தவில் யாருங்க சார்?" என்று கேட்டார் வாத்தியார்.

தெரியவில்லை என்றேன். அவர் உறையிலிருந்த சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'தோடி' என்று மட்டும் எழுதி உள்ளே வைத்தார். வெளியே பலா மரத்தில் காற்று பலமாக இருந்தது. நாடாவின் அடுத்த பக்கத்தில் உழவர்களுக்கான நிகழ்ச்சி இருக்கிறது, மரவள்ளிக்கு என்ன உரம் போட வேண்டும் என்று சொல்லுகிறார்கள், கேட்கிறீர்களா என்று விசாரித்தார். கேட்டேன்.